வெறுங்கை

பார்க்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கையை உள்ளே நீட்டவே கூடாது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, நமக்கும் இந்த நாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். வைத்திலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் செய்த மனுஷனாக இருந்திருந்தால் இந்நேரம் சாப்பிட்ட களைப்பில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருப்பார். எல்லாம் தெரிந்தே செய்தவர் என்பதால்தான், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், மொசைக் தரையில், மடங்க மாட்டேன் என்கிற முழங்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மகளுடைய அறையில் திருடனைப் போல உட்கார்ந்திருக்கிறார். சாயங்கால ரயிலில் அபிராமி வந்துவிடுவாள். ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனவள். வந்ததும் என்ன செய்வாள் என்று அவருக்கு மனப்பாடம். பையை வாசற்படியில் போடுவாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வார்த்தையைச் சொல்லுவாள், செம்பி எங்கிருந்தாலும் நகம் சறுக்கச் சறுக்க ஓடி வரும். இன்றைக்கு வராது. வராவிட்டால் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இதை எப்படியாவது வெளியே வரவழைத்துவிட வேண்டும். கோழி கிடக்கிறது. பக்கத்தில் முன்பே தள்ளிய துணுக்கும் அப்படியே கிடக்கிறது. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, சின்னதாய், வேகமாய், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று விடுகிற மூச்சு. வாய் அந்த வார்த்தைக்குத் தானாகத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார். இன்னொரு தரமா? வெட்கமே கிடையாதா உனக்கு?

சைவ வீடு இது. மனைவி சிவகாமு இருந்தவரைக்கும் முட்டை கூடக் காம்பவுண்டுக்குள் வந்ததில்லை. படமாகி மாலை போட்டுக்கொண்டு கூடத்தில் தொங்குகிற அந்த அம்மாளுக்கு நேர் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தனி ஸ்டவ்வும் தனிக் குண்டானும் வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கோழி வேகவைக்கிற ஆளாகத் தான் ஆவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் வைத்திலிங்கம் சண்டைக்குப் போயிருப்பார். சர்க்கரை ஆலையில் ஆட்கள் வருகிற நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீசில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினால் கேட் வரைக்கும் ஆட்கள் நடையை எட்டிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இருந்தது என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார், கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொள்வார். அபி இந்த நாயை மார்க்கெட் டீக்கடையிலிருந்து துண்டில் சுற்றித் தூக்கி வந்தபோது, அதற்கு ஒரு காது கிழிந்து இடுப்பில் வெந்நீர் பட்டு முடியில்லாமல் இருந்தது. விளக்குமாற்றை எடுத்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடும். நாய்க்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்க மெர்லின் என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள், சட்டைப் பையெல்லாம் கோழித் துணுக்கு. “நாய்க்கு டியூஷனா? ஒரு அதட்டு அதட்டினா அடங்கிட்டுப் போவுது” என்றார் இவர். அந்தப் பெண் கோபப்படவில்லை. “அடங்கும் சார். அடங்குறதும் பயப்படுறதும் வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றைக் கூடத்தின் நடுவில் படுக்கப் போட்டு, அதைச் சுற்றித் துணுக்குகளை இறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இதென்ன கூத்து என்று நினைத்தார். கூத்துதான். ஆனால் நாளாக ஆக விளக்குமாறு வெறும் விளக்குமாறாகிப் போனதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது, கீழேயிருந்து மோவாய்ப் பக்கமாகக் காட்ட வேண்டும். கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கக் கூடாது, அது பயம். மூக்கை நக்கினால் பயம். கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் இன்னும் பயம், உடனே விலகிவிட வேண்டும். படித்துப் பட்டம் வாங்காத குறைதான். கடைசியில் செம்பி முதன் முதலாகத் தானாக வந்து மோவாயை வைத்தது யாருடைய மடியில்? இதே மடியில்தான். அன்றைக்கு அவர் எழுந்திருக்காமல் கால் மரத்துப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார், காப்பி கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாரம் இப்போதும் தொடையில் இருக்கிறது போலிருக்கிறது. தடவிப் பார்த்தார். வேட்டிதான் இருந்தது.

அந்த வார்த்தை அபியின் யோசனை. எங்கே இருந்தாலும் ஓடி வரவேண்டிய வார்த்தையை ‘வா’ என்று வைக்கக் கூடாது என்றாளாம் மெர்லின். வீட்டில் நாள் முழுக்க யாராவது யாரையாவது வா என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். நல்லதுக்கும் வா, கெட்டதுக்கும் வா. அதனால் யாரும் சும்மா சொல்லாத வார்த்தையாக வேண்டும், சொன்னால் எப்போதும் கை நிறையக் கோழி இருக்க வேண்டும், ஒரு தரம் கூடத் தவறக் கூடாது. அபி ‘ஜாங்கிரி’ என்று வைத்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஜாங்கிரிக்குப் பெயர் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தி பற்றிப் பேசினால் கூட “அந்த ஆரஞ்சு ஸ்வீட்டு” என்றுதான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு எதிர்வீட்டு மீனாட்சி டப்பாவோடு வந்து, “மாமா, வீட்ல சுத்தின ஜாங்கிரி” என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டாள். வெடிச் சத்தத்துக்கு இதே கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்த செம்பி, அத்தனை வெடிக்கும் நடுவே, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓடி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது. அபி அப்படியே கலங்கிப் போனாள். குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிக் கோழியை அள்ளி வந்து அதன் வாயில் போட்டாள். “யார் சொன்னா என்னப்பா, அது நம்பி வந்துச்சுல்ல? வார்த்தைக்குக் கூலி குடுத்தே ஆகணும்.” மீனாட்சி முகத்தில் ஈயாடவில்லை, நாயையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு எப்படிச் சிரித்தோம். அத்தனை வெடியைத் தாண்டி வந்த வார்த்தை. அதைப் போய்... சமையலறைக் குழாய் சொட்டுகிறது. இறுக்கிவிட்டு வரலாம், ஆனால் எழுந்தால் சத்தம் கேட்கும், எழுந்திருக்கிற ஆளுடைய கால் கட்டிலுக்கடியிலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ. சொட்டட்டும்.

தனபாலைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லிப் பார்த்தார், நிற்கவில்லை. டைம் ஆபீசில் அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவன், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கச் சம்சாரத்தோடு வந்தான். பழம், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் தாம்பாளத்தில் வைத்துத் தரையிலேயே வைத்துவிட்டுக் காலில் விழுந்தான். பழைய மரியாதை. அது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது, அதுதான் விஷயம். “நாய் வளக்கிறீங்களாமே சார், எங்க காணோம்?” என்றான். புது ஆள் என்றால் கொஞ்சம் பயப்படும் என்று இவரும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். “பயமா? சார் ஒரு செருமு செருமினா கேட்டாண்ட நிக்கிறவன் பீடியை முழுங்கிடுவான். உங்க வீட்டு நாயி உங்க பேச்சைக் கேக்காதா?” என்று சிரித்தான். சும்மா, பிரியமாகச் சொன்னதுதான். அவன் சம்சாரம் கூட, “விடுங்க, பாவம், தூங்குதோ என்னவோ” என்றாள். அப்படியே விட்டிருக்கலாம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இப்பப் பாரு” என்றார். பிறகு சொன்னார். அபி சொல்லுகிற அதே ராகத்தில், ‘ஜா’வை இழுத்து, மகளுடைய குரலைக் கடன் வாங்கிச் சொன்னார். அதை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. செம்பி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. புது மனுஷர்கள் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றது, பிறகும் வந்தது, வார்த்தை சொல்லியாகிவிட்டதே. அவர் கையைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்தது. அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். தனபாலின் கை மேலேயிருந்து இறங்கியது. செம்பி கொட்டாவி விட்டது. “தூக்கக் கலக்கம்” என்றாள் அந்த அம்மாள். தூக்கம் இல்லை என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் வைத்திலிங்கம். மூக்கை நக்கியது, பார்த்தார். கண் ஓரம் வெள்ளையாகத் திரும்பியது, அதையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே, “ஒண்ணும் பண்ணாது, நல்லாத் தொடு” என்றார்.

மூத்திரம் தாம்பாளத்தில் தெறித்து அதற்கு அடியிலும் ஓடியது. அந்த அம்மாள் பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தனபால் கைகொட்டிச் சிரித்தான்: “சார், உங்க பவர் இன்னும் போகல சார்!” பத்திரிகையின் மஞ்சள் கரைந்து மொசைக்கில் ஓடியதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மானம் போச்சு என்று தோன்றியது. யாருடைய மானம் என்று யோசிப்பதற்குள் கை ஓங்கி இறங்கிவிட்டது, இடுப்பில், அந்த முடியில்லாத இடத்தில். செம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தரையோடு தரையாகப் படுத்து, வாலை வயிற்றுக்குள் சுருட்டி, அவர் கையை நக்க முயன்றது. அடித்த கையை. அந்த ஈரம் இன்னும் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவியும் இருக்கிறது. பிறகு பட்டையிலிருந்து கை தளர்ந்ததும் ஊர்ந்து ஊர்ந்து இங்கே வந்துவிட்டது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, “அவசியம் வந்துடணும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசல்வரை போய்ச் சிரித்தே வழியனுப்பினார். தரையைத் துடைத்தார். பினாயில் போட்டு இரண்டாம் தரமும் துடைத்தார், வாசனை கூட மகளுக்குத் தெரியக் கூடாதாம். என்ன சொல்வது அவளிடம்? பக்கத்துத் தெருவில் சாவு, ஊர்வலத்தில் வெடி போட்டார்கள், அதில் பயந்துவிட்டது என்று சொல்லலாம். நல்ல பொய், பொருத்தமான பொய். ஆனால் யாரைச் சாகடிப்பது? ரேஷன் கடை ராஜமாணிக்கத்தைச் சொல்லலாமா, அவர் காலையில் கூட வாக்கிங் போனார், அபி பஸ் ஸ்டாப்பில் அவரையே பார்த்துவிட்டு வருவாள். பெயர் தெரியாத ஆள், யாரோ ஒரு வயசான ஆள். தன் மானத்துக்காக ஊரில் ஒரு கிழவனைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும் முகம் சுட்டது. அறையில் யாரும் இல்லை, இருந்தும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மெர்லினுக்குப் போன் செய்யலாம். என்ன சொல்வாள் என்று தெரியும். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறாள்: “ஒரு தடவை வெறுங்கையோட கூப்பிட்டுப் பிடிச்சீங்கன்னா அந்த வார்த்தை போச்சு சார். அப்புறம் அது வெறும் சத்தம்.” வெறும் சத்தம். அவருடைய வேலையே அதுதானே, வாழ்நாள் முழுக்க.

இந்த அறைக் கதவு. ஏன் கதவு ஞாபகம் வருகிறது? தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, பூசணி விதை போல ஒரு உரிசல். அதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார் ஒரு நாள். வேண்டாம், அது வேறு. அது குடும்ப விஷயம், இது நாய். துணுக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாமா? தள்ளக் கூடாது, கை உள்ளே போகும். அபி புருஷன் வீட்டிலிருந்து வந்து இதே அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தாள், கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. வேண்டாம் என்றால் ஏன் வருகிறது. மாப்பிள்ளையும் அவனுடைய பெரியப்பன்மாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், பெரிய மனுஷர்கள், காரில் வந்தவர்கள். சிவகாமு அப்போது ஆஸ்பத்திரியில். அவர்கள் முன்னால், பெண் அப்பன் பேச்சைக் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அவர்தான் எழுந்து வந்தார். இந்த உரிசலுக்கு நேரே வாயை வைத்து, “குட்டிம்மா” என்றார். “அப்பா மட்டுந்தான் இருக்கேன்டா. வெளிய வா, காப்பி ஆறுது.” குட்டிம்மா என்றால் அவள் எந்தக் கோபத்திலும் வந்துவிடுவாள், சின்ன வயதிலிருந்து. தாழ்ப்பாள் விலகியது. வந்தாள். அவர் கையைப் பார்த்தாளா? காப்பி இருக்கிறதா என்று பார்த்தாளா? அது ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாள், அது ஞாபகம் இருக்கிறது. பிறகு கூடத்தைப் பார்த்தாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு காரில் ஏறினாள். ‘நல்ல பொண்ணு, சொன்னதும் கேட்டுது’ என்று பெரியப்பன் ஒருவன் இவர் தோளைத் தட்டினான், இவரும் பூரித்துப் போனார். பூரித்துப் போனாயே, மனுஷனா நீ? திரும்பி வந்தபோது அவள் கையில் கட்டுப் போட்டிருந்தது, அதற்குப் பிறகு போகவில்லை. குட்டிம்மா என்று கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. “அபின்னே சொல்லுங்கப்பா” என்றாள் ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே. வயசாகிறது, பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். இத்தனை நாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கோழியின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. அதைக் கூட விரட்டக் கை எழவில்லை.

கேட் சத்தம் கேட்டது. பை படியில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்திருந்தது, கட்டில் விளிம்பைப் பிடித்தால் செம்பி மிரளும் என்று சுவரைப் பிடித்தார், பாதி எழுந்து அப்படியே நின்றார். வெடி, ஊர்வலம், யாரோ ஒரு வயசான ஆள், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. வாசலில் அபி மூச்சை இழுக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. ‘ஜா’வை இழுப்பதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு.

“அந்த வார்த்தை வேண்டாம்மா!”

தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. டைம் ஆபீஸ் குரல் இல்லை அது. அபி செருப்போடு வந்து அறை வாசலில் நின்றாள். தரையில் கிடந்த துணுக்குகளைப் பார்த்தாள், பினாயில் வாசனையை மோந்தாள், பாதி எழுந்து நிற்கிற அப்பாவைப் பார்த்தாள்.

“யாருப்பா வந்தாங்க?”

“தனபால். மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க.”

“அவங்க சொன்னாங்களா அந்த வார்த்தையை?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வழியை அவளே திறந்து வைத்திருக்கிறாள்.

“நான் சொன்னேன். கையில ஒண்ணும் இல்லாம சொன்னேன். அது வந்துச்சு. பட்டையைப் பிடிச்சுக்கிட்டேன், அவன் தொட்டான், தரையில போயிடுச்சு. அடிச்சிட்டேன்.”

“எங்க?”

“இடுப்புல. அந்த எடத்துல.”

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கை கழுவி வந்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் பக்கத்தில் இருந்த கோழிக் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காருங்கப்பா. நின்னா செம்பி பயப்படுவா.”

உட்கார்ந்தார். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பேச முடிகிறது.

“உன்னையும் அப்படித்தாம்மா கூப்பிட்டேன்” என்றார். “இந்தக் கதவாண்ட நின்னு. நான் மட்டுந்தான் இருக்கேன்னு.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு துணுக்கைப் பிய்த்து, திரும்பாமலே பின்னால் வைத்தாள்.

“தெரியும்ப்பா” என்றாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

“இனிமே அவ வருவாளாம்மா?”

“வருவா. பசிக்கும்ல, வேற எங்க போவா? வருவா.” இன்னொரு துணுக்கு வைத்தாள். “வந்துட்டா, மறந்துட்டான்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.”

அவர் தலையை ஆட்டினார். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவில்லை, கையில் கோழி வாசனை. அபி குண்டானிலிருந்து பாதியை ஒரு தட்டில் எடுத்து வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களும் வைங்க. வார்த்தை எதுவும் சொல்ல வேணாம். வேற வார்த்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

ஒரு துணுக்கை எடுத்துத் தன் பக்கமாகப் பின்னால் வைத்தார். நெடுநேரம் கழித்து நகம் மொசைக்கில் உரசுகிற சத்தம் கேட்டது. மூச்சு கிட்டே வந்தது. அபியின் பக்கத்தில் மெல்ல நக்குகிற சத்தம், பிறகு மெல்லுகிற சத்தம். அவர் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சத்தம் திரும்ப உள்ளே போய்விட்டது. அபி விளக்கைப் போட எழுந்து போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. விரலால் தரையைத் தடவினார். அவர் வைத்தது அங்கேயே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அதை எடுத்துவிட்டு, தட்டிலிருந்து வேறொன்றை அதே இடத்தில் வைத்தார்.